முத்துக்குளித்துறையில் கற்பித்தவர்கள்

தியானப் பகுதி: நெகேமியா 8:1–8, அப்போஸ்தலர் 18:24–28



ஆசிரியர் தினத்தை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையில் நம் சபையைச் சேர்ந்த ஆசிரியப் பெருமக்களை முன்னே அழைத்து, அவர்களுக்காக ஜெபித்து, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கந்தான். ஆயினும் நல்ல ஆசிரியர் என்று நாம் யாரைச் சொல்லுகிறோம் என்ற கேள்வி, ஜெபம் முடிந்த பின்பும் அப்படியே நிற்கிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுகிறவரையா? வகுப்பை மூச்சுவிடாமல் உட்கார வைக்கிறவரையா? நிறையப் படித்தவரையா? இந்த வாரம் அக்கேள்வியை எடுத்துக்கொண்டு நம்முடைய கடற்கரையின் சரித்திரத்துக்குள் சற்றுப் போய்வர விரும்புகிறேன். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு துறைகளில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கற்பித்தலைப் பற்றி எழுத்துச் சான்றுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவை பெரும்பாலும் கற்பித்தவர்களே எழுதிய கடிதங்கள்.

இதில் வருகிறவர்கள் உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். நம் ஆலயத்து ஆயர் அவர்களைப் பற்றி ஏன் எழுதுகிறார் என்று சிலர் புருவம் உயர்த்தலாம். இக்கரையில் எழுத்தும் உபதேசமும் பரவிய கதை, நம் சபைப் பிரிவுகளின் வேலிகளைவிட மூத்தது. அவர்களை விட்டுவிட்டால் கதையின் முதல் அதிகாரமே இல்லாமற்போகும்.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் என்று சரித்திர நூல்கள் பொதுவாகக் குறிக்கின்றன. முத்துச் சலாபத்தின் உரிமை குறித்த கொடிய சண்டையில் அவர்கள் சிக்கியிருந்தார்கள். போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்களுடைய தூதுக்குழு கொச்சிக்குப் போயிற்று, குருக்கள் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கற்பிக்க ஒருவரும் தங்கவில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, நீங்கள் எதை விசுவாசிக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதை அவரே தூத்துக்குடியிலிருந்து எழுதியிருக்கிறார்.

பரதவரை இதற்காகக் குறைகூற ஒன்றுமில்லை. இதற்குச் சற்று முன்னே, 1528இல், மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனபோது, பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவராயிருந்த கிராமத்து மக்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளைகளுமே தெரியாதிருக்கக் கண்டு மனம் நொந்தார். அந்த வேதனையில் பிறந்ததுதான் 1529இல் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசம். ஒரே தலைமுறையில், ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு சபைகளும் வெவ்வேறு கண்டங்களில் ஒரே குறையைக் கண்டன: பெயர் எழுதப்பட்டிருந்தது, பாடம் நடந்திருக்கவில்லை.

சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் பயின்றுகொண்டிருந்த இக்கரை இளைஞர் மூவர் அவருடன் வந்திருந்தார்கள். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் ஜெபங்களையும் மிகுந்த பிரயாசத்தோடு தமிழாக்கி, முதலில் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துச் சென்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் ஜெபங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். இங்கே கற்றதை வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்கும் தாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் எல்லாரையும் கூட்டி, பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை விசுவாசிக்கிறீர்களா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். தம்மை உண்ணவும் உறங்கவும் விடாமல் இன்னொரு ஜெபம் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டதாக, 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் மகிழ்ச்சியோடு சொல்லுகிறார்.

இம்மட்டும் பலர் கேள்விப்பட்டதே. நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் வேறு.

அதே 1544ஆம் ஆண்டு ஆகஸ்டில், தம் உடன் ஊழியரான பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் ஒரு கடிதம் எழுதினார். வழக்கமான செய்திகளின் நடுவே ஒரு சிறு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவருகிறீர்களே, அதை மாற்றி ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள். ‘வேணும்’ என்பது விரும்புவதைக் குறிக்கும், நாம் சொல்ல வந்தது விசுவாசிப்பதை என்று விளக்குகிறார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்திலும் பலவந்தத்தைக் குறிக்கும் ஒரு சொல் புகுந்திருந்தது. அவர் தம் சித்தப்படி மரித்தாரேயன்றிப் பலவந்தத்தினால் அல்ல, ஆகவே அதையும் மாற்றுங்கள் என்கிறார்.

சற்று எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு முடிந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. ஊர் ஊராக, காலையும் மாலையும், ஆயிரக்கணக்கான வாய்கள் அதை ஓதியிருக்கின்றன. கடவுளை விசுவாசிக்கிறேன் என்று சொல்வதாக ஆசிரியர் எண்ணிக்கொண்டிருந்தார். கடவுள் எனக்கு வேணும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அந்தப் பிழையிலும் ஓர் அழகு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடலுக்குப் போன தகப்பன் திரும்பக் காத்திருக்கும் பிள்ளை வேறெந்தச் சொல்லைச் சொல்லும்? ஆனால் அது பிரமாணம் அல்ல.) கணீரென்ற ஓசை, தடையில்லாத ஒப்புவிப்பு, ஊர் முழுவதும் ஒரே குரல் எனப் பாடம் வெற்றி பெற்றதற்கு வேண்டிய வெளியடையாளங்கள் அனைத்தும் இருந்தன. பொருள் மட்டும் பிசகியிருந்தது. அதைக் கண்டவுடன், ஊரெல்லாம் பரவிவிட்டதே, இனி மாற்றினால் மதிப்புக் குறையுமே என்று அவர் மூடி மறைக்கவில்லை. எந்தச் சொல் தவறு, ஏன் தவறு, எதை வைக்கவேண்டும் என்று எழுதி அடுத்த ஊருக்கு அனுப்பினார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் அப்பொல்லோ என்பவன் வாக்கில் வல்லவன், வேதத்தில் தேர்ந்தவன். ஆனாலும் ஓரிடத்தில் அவனுடைய அறிவு குறைபட்டிருந்தது. கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே அழைத்துத் திருத்தினார்கள். அவன் திருத்திக்கொண்டான். அவன் பேச்சாற்றலை மெச்சுகிற பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். அவன் உட்கார்ந்து கேட்ட அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டது அரிது.

நம்மிடமும் இது நடக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்த ஒரு பையனிடம், பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். “அது ஒரு சங்கம்தானே ஐயா, எங்க அம்மாகூட அதில இருக்காங்க” என்றான். பெண்கள் ஐக்கிய சங்கத்தை அவன் எண்ணியிருந்தான். சிரித்தேன். அவன் விடை முழுத் தவறும் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியவன் என்பதை எண்ணிய பின் சிரிப்பு நின்றது. மனப்பாடத்தைக் குறைகூற நான் வரவில்லை. மனதில் இருக்கும் வசனம் மரணப்படுக்கையிலும் உதவுவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். நெகேமியாவின் நாளில் எஸ்றா வாசித்ததோடு லேவியர் நின்றுவிடவில்லை. ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கும்படி செய்தார்கள். அந்த இரண்டாவது வேலைக்கு, பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு சொல்லுகிறது என்று ஆசிரியர் கேட்டாகவேண்டும். வேறு வழியில்லை.

மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் இன்னொரு புத்திமதி திரும்பத் திரும்ப வருகிறது: மக்களோடு பொறுமையாயிருங்கள், அவர்கள் உங்களை நேசிக்கும்படி நடந்துகொள்ளுங்கள், நல்ல தகப்பன் தறுதலைப் பிள்ளைகளைச் சகிப்பதுபோலச் சகியுங்கள். 1548இல் மணப்பாட்டில் இக்கரை ஊழியர்களுக்கு எழுதிவைத்த ஒழுங்குகளிலும் மக்களுடைய அன்பைப் பெறுவதை முக்கியமாகச் சொல்லுகிறார். அவர் சாந்த சொரூபி அல்லர். கோபம் பொங்கும் வரிகள் அதே கடிதங்களில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தனித்து நின்ற நாட்களில், நான் சொல்வது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்று நொந்துகொண்டும் இருக்கிறார். பொறுமையைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அதை நாள்தோறும் இழந்துகொண்டிருந்த ஒருவர் எழுதியதாகவே எனக்குப் படுகிறது. அதனால்தான் அதற்கு எடை இருக்கிறது.

எல்லாவற்றையும் மெச்ச முடியாது. பெற்றோர் விக்கிரகம் வணங்கினால் வந்து சொல்லும்படி பிள்ளைகள் பழக்கப்பட்டிருந்தார்கள். சொல்லப்பட்ட வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டே போய் உருவங்களை உடைத்ததைச் சவேரியார் பெருமையாக எழுதுகிறார். வீட்டுக்குப் பாடம் கொண்டுபோன அதே பிள்ளை வீட்டைக் காட்டிக்கொடுக்கவும் பயன்படுத்தப்பட்டது. ஒரு பிள்ளை ஆசிரியரை அவ்வளவு நம்பும்போது அந்த நம்பிக்கையைக் கொண்டு எதையும் செய்விக்கலாம் என்பது அச்சமூட்டுகிறது. இதை விட்டுவிட்டு மணியோசையை மட்டும் சொன்னால் சரித்திரம் ஆகாது.

அவர் நெடுநாள் இங்கே தங்கவில்லை. ஆகவே ஊருக்கு ஒருவரை நியமித்தார். கடற்கரையில் அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர்; நம் பக்கத்தில் உபதேசியார் என்கிறோமே, ஏறக்குறைய அந்த ஊழியம். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், பிறப்பு இறப்புகளைக் கவனிப்பதும், அவசர காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம்? இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுக்கல் நாட்டு ராணி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொகையை ராணியின் இசைவோடு கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் திருப்பினார் சவேரியார். கடலில் மூச்சடக்கி மூழ்கியவன் ஈட்டிய காசு, அவன் பிள்ளைக்குப் பாடம் சொன்னவர் கைக்கு வந்தது. மன்சிலாசுக்கு எழுதும்போதும் கற்பிப்போருக்கு உரியதைக் கொடுத்தீர்களா என்பதை மறவாமல் எழுப்புகிறார்.

இதை வாசிக்கும்போதெல்லாம், திருச்சபைகளின் பெயரால் நடக்கும் சுயநிதிப் பள்ளிகளில் சொற்ப ஊதியத்துக்கு நாள் முழுவதும் நின்றுகொண்டே கற்பிக்கும் நம் சபைப் பிள்ளைகளை எண்ணுகிறேன். அவர்களில் பலர் மாலையில் டியூஷன் எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற கைகளில் அப்பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் இருக்கிற கைகளும் உண்டு. இதற்குமேல் இங்கே எழுதுவதற்கில்லை. சபைக் கமிட்டியில் பேச வேண்டியது.

சவேரியாருக்குப் பின் வந்தவரே என் மனதுக்கு மிக நெருங்கியவர்: என்றீக் என்றீக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். போர்ச்சுக்கல்லின் வில விசோசா ஊரில் 1520இல் பிறந்தவர். யூத வம்சத்தில் வந்தவர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து நீக்கப்பட்டு, பின்பு இயேசு சபையில் சேர்ந்தார். 1547இல் இக்கரைக்கு வந்தார். முதலில் அவருக்கும் துபாஷிகளே வாய். தமிழ் வராது என்று சோர்ந்து அதை ஓரமாய் வைத்துவிட்டவர், பிறகு வேறு வழியில் தொடங்கினார். வினைச்சொல் இறந்தகாலத்தில் எப்படி மாறுகிறது, எதிர்காலத்தில் எப்படி, வேற்றுமை உருபு எப்படி ஏறுகிறது என்று தாமே பட்டியல் போட்டு இலக்கணமாக ஒழுங்குபடுத்தினார். சில மாதங்களில் பேச வந்துவிட்டது. காலமும் இடமும் பிசகாமல் ஒரு பரங்கி பேசுவதைக் கண்டு ஊரார் வியந்ததை 1548 அக்டோபர் இறுதியில் வேம்பாற்றிலிருந்து எழுதியிருக்கிறார். தாம் கற்ற வழியைப் பின்வருவோருக்காக ஒரு தமிழ் இலக்கணமாகவே எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் நகரில் இருக்கிறது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார் என்பது மட்டுமல்ல, தாம் தடுமாறிய இடங்களையெல்லாம் குறித்துவைத்தார். எளிதாகக் கற்றவருக்கு அந்தக் குறிப்பு எழுத வராது.

இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபப் புத்தகம் அச்சாயிற்று. அதில் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தறியாத போர்ச்சுக்கீசியர் பார்த்துப் படிக்க உதவும். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கம், எழுத்தெல்லாம் தமிழ். முன்னது கற்பிக்கிறவன் கண்ணுக்கு ஏற்றது, பின்னது கற்கிறவன் கண்ணுக்கு ஏற்றது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் நடந்த மாற்றம் அதுதான். அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினா விடையாய் அமைந்தது. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்ச்சுக்கீசிய நூலின் தமிழாக்கம் அது. 1600இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, அடிகளார் இக்கரையிலேயே இருந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் கற்பித்தல் வேர் கொண்டதற்குச் சாட்சி வேண்டுமானால், நமக்குச் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோது பரதவரைச் சீர்திருத்தத் திருச்சபைக்குத் திருப்ப முயன்றார்கள். அதிகாரமும் வாணிபமும் அவர்கள் கையில் இருந்தன. மக்கள் அசையவில்லை.

நம் பக்கத்துச் சரித்திரத்திலிருந்தும் ஒருவரைச் சொல்லாமல் விடலாகாது. ஜி. யூ. போப் ஐயர் 1842இல் சாயர்புரத்துக்கு வந்து அங்கே கல்விச்சாலையை நிறுவினார். பின்னாளில் அது கல்லூரியாய் வளர்ந்து, 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டு, கால்டுவெல் அத்தியட்சரின் பெயரைப் பெற்றது. 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பின் தமிழறிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவரைக் குறித்துக் கால்டுவெல் எழுதிய மதிப்பீட்டில் ஒரு குறை இருக்கிறது: அவருடைய கற்பித்தலுக்குப் பெருந்தடையாயிருந்தது அவருடைய தண்டனையின் கடுமை, மாணவரின் சிறு சிறு கலகங்களுக்குப் பின் அவர் விலகவேண்டியதாயிற்று. தமிழை அவ்வளவு நேசித்த மனிதர், தமிழ்ப் பிள்ளைகள் முன் நின்றபோது அந்த நேசம் பிள்ளைகளுக்கு எட்டாமற்போனது ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் பிரம்பு சாதாரணம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கால்டுவெல்லும் அதே காலத்தவர்தாம். அவருக்கே அது மிகுதியாகத் தெரிந்திருக்கிறது.

அடித்தால்தான் படிப்பான் என்று ஆசிரியரிடமே சொல்லிவிட்டுப் போகும் தகப்பன்மார் நம் சபையிலும் இருக்கிறார்கள். அடித்தால் ஒப்புவிப்பான். ‘வேணும்’ என்றும் ஒப்புவிப்பான், ‘விசுவாசம்’ என்றும் ஒப்புவிப்பான். இது என்ன அர்த்தம் என்று கேட்க வாய் திறக்கமாட்டான். அவன் கேட்காவிட்டால் பிழை எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியவராது.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் ஆலய மண்டபத்தில் கூடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அதற்கு முன், உங்கள் வகுப்பில் ஐந்து பிள்ளைகளிடம் விசுவாசப் பிரமாணத்தின் ஏதேனும் ஒரு பகுதியை அவர்கள் சொந்தப் பேச்சில், வீட்டில் பேசுவதுபோலவே, சொல்லச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், இடையில் புகாதீர்கள். சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள்.